பொத்தானுக்கு அந்தப் பக்கம் யார்? தொழில்நுட்பம், மக்கள் பங்கேற்பு, பொதுப் பாதுகாப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"செயலி வந்துவிட்டது, இனி அரசு உங்கள் விரல் நுனியில்" என்ற விளம்பரத்தை நம்பிப் புகார் கொடுத்துவிட்டு, பதிலுக்குக் காத்திருந்து அலுத்தவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. ஆர்வத்தோடு கேட்பவர்களும் உண்டு, எரிச்சலோடு கேட்பவர்கள் அதிகம். இரண்டு தரப்புக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

ஓட்டுப் போட்டாயிற்று. அதற்கு மேல் நான் எதில் பங்கேற்பது?

சாலையில் பள்ளம் இருக்கிறது என்று படம் எடுத்து அனுப்புவது ஒரு வகை. பக்கத்துக் கட்டடத்தில் மயங்கி விழுந்தவருக்கு ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சை அழுத்தி உயிரைப் பிடித்து வைப்பது இன்னொரு வகை. சட்ட வரைவுக்குக் கருத்துச் சொல்வது, பட்ஜெட்டில் எந்தத் திட்டத்துக்குப் பணம் போக வேண்டும் என்று வாக்களிப்பது, காவல்துறை புதிய கேமரா வாங்குமுன் அதற்கான விதிகளைக் கேட்டு வாதாடுவது எல்லாம் பங்கேற்புதான்.

ஆனால் எல்லாம் ஒன்றல்ல. பள்ளத்தைச் சொல்பவர் அரசுக்குத் தகவல் தருகிறார். பட்ஜெட்டில் வாக்களிப்பவர் அதிகாரத்தில் ஒரு பங்கு கேட்கிறார். முன்னவரை அரசுகள் இரு கை நீட்டி வரவேற்கும். பின்னவர் வந்தால் நாற்காலி கொஞ்சம் உறுத்தத் தொடங்கும்.

இதெல்லாம் ஸ்மார்ட்போன் வந்த பிறகு தொடங்கியதுதானே?

இல்லை. அரசு ஆவணங்களைப் பார்க்கும் உரிமையை ஸ்வீடன் 1766-லேயே சட்டமாக்கிவிட்டது. நகரின் பட்ஜெட்டை மக்களோடு சேர்ந்து போடும் முறையை பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரம் 1989-இல் தொடங்கியது. அங்கே செயலியும் இல்லை, இணையதளமும் இல்லை. மக்கள் கூடினார்கள், பேசினார்கள், கை தூக்கினார்கள்.

அமெரிக்காவின் 911 அவசர எண்ணில் முதல் அழைப்பு 1968 பிப்ரவரியில் அலபாமா மாநிலத்தின் ஹேலிவில் என்ற சிறு ஊரில் ஒலித்தது. அந்த எண் பிரபலமானதும் வேறொரு தலைவலி வந்தது. நாய் குரைக்கிறது, குப்பை எடுக்கவில்லை என்பதற்கெல்லாம் அதையே அழைத்தார்கள். இந்த நெரிசலைக் குறைக்க 1996-இல் பால்டிமோர் நகரம் அவசரமில்லாத விஷயங்களுக்கு 311 என்ற தனி எண் கொண்டுவந்தது. இன்றைய புகார்ச் செயலிகளுக்குத் தாத்தா அந்தத் தொலைபேசி எண்தான்.

ஒரு ஆள் புகார் கொடுத்து என்ன ஆகப்போகிறது?

ஒன்று தனியாகக் கிடந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க்கில் நடந்த கதை ஒன்று உண்டு.

2005 அக்டோபரில் ஒரு மாலை, மன்ஹாட்டன் முழுக்க இனிப்பு வாசனை. மேப்பிள் பாகு போல மணந்தது. வாசனை நல்ல வாசனைதான், ஆனால் இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்து நான்கே ஆண்டுகள் ஆன ஊர் அது. ரசாயனத் தாக்குதலோ என்று மக்கள் பயந்து அழைத்தார்கள். காற்றைச் சோதித்தார்கள், ஆபத்தாக எதுவும் இல்லை. வாசனை போய்விட்டது. பிறகு திரும்ப வந்தது. மறுபடி போனது. சில ஆண்டுகள் இப்படியே கண்ணாமூச்சி ஆடியது.

நியூயார்க்கின் 311 எண்ணுக்கு வந்த ஒவ்வொரு அழைப்பிலும் இடமும் நேரமும் பதிவாகியிருந்தன. அதிகாரிகள் அவற்றை வரைபடத்தில் குத்தி, அந்தந்த நேரத்தில் காற்று எந்தத் திசையில் வீசியது என்பதோடு பொருத்திப் பார்த்தார்கள். புள்ளிகள் ஆற்றுக்கு அக்கரையில் நியூ ஜெர்சியைக் காட்டின. 2009 பிப்ரவரியில் விடை அறிவிக்கப்பட்டது: வாசனைப் பொருள் தயாரிக்கும் ஆலை ஒன்றில் வெந்தயத்தைப் பதப்படுத்தியபோது கிளம்பிய மணம். ஆம், வெந்தயம்!

அழைத்தவர்களில் யாருக்கும் வேதியியல் தெரிந்திருக்கத் தேவையில்லை. "இங்கே, இப்போது, இப்படி மணக்கிறது" என்று மட்டும் சொன்னார்கள். அந்த அழைப்புகளை அன்றன்றைக்கு "சரி, முடிந்தது" என்று மூடி எறிந்திருந்தால் புதிர் அவிழ்ந்திருக்காது.

புகார் கொடுத்தேன். "தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. போய்ப் பார்த்தால் எல்லாம் அப்படியே இருக்கிறது. ஏன்?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். எனக்கும் நடந்திருக்கிறது. எரியாத தெருவிளக்கைப் பற்றிக் கம்பத்தின் எண்ணோடு எழுதினேன். மூன்றாம் நாள் "தங்கள் குறை தீர்க்கப்பட்டது" என்று செய்தி வந்தபோது நான் அந்தக் கம்பத்தடியில்தான் நின்றுகொண்டிருந்தேன். செய்தியைப் படிக்க அங்கே இருந்த ஒரே வெளிச்சம் என் கைபேசித் திரை.

இதை யாரோ ஒரு சோம்பேறி ஊழியரின் தவறு என்று முடித்துவிடுவது சுலபம். பெரும்பாலும் அளவுகோலில்தான் கோளாறு. ஒரு அலுவலகத்தை "எத்தனை புகார்களை எத்தனை நாளில் மூடினாய்" என்று மட்டும் அளந்தால், அது மூடுவதில் தேர்ச்சி பெறும். கெடு முடியும் நாளில் விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் பட்டியலில் பச்சை நிறம் விழுந்தாக வேண்டும். "வேறு துறைக்கு அனுப்பப்பட்டது" என்பதும் பல இடங்களில் "தீர்வு" கணக்கில் சேர்ந்துவிடும். அந்த வேறு துறை அதைத் திறந்ததா என்று கேட்க ஆள் இருக்காது.

பார்க்க வேண்டியது ஒன்றுதான்: புகாரை மூடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? வேலையைச் செய்ய வேண்டியவரே "முடிந்தது" என்று எழுதிக்கொள்ள முடிந்தால், தேர்வு எழுதியவரே தன் விடைத்தாளைத் திருத்திக்கொள்வதுபோல. பிரிட்டனில் 2007-இல் மைசொசைட்டி என்ற அமைப்பு தொடங்கிய ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் என்ற புகார்த் தளம் இதைச் சமாளிக்க இரண்டு காரியம் செய்தது. புகாரை எல்லோரும் பார்க்கும்படி வரைபடத்தில் வைத்தது. நான்கு வாரம் கழித்துப் புகார் கொடுத்தவரிடமே "சரியாயிற்றா?" என்று கேட்டது. பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை, ஒரு மின்னஞ்சல்தான். ஆனால் கேள்வி போக வேண்டிய ஆளிடம் போகிறது.

உங்கள் புகாரை இப்படிப் பொய்யாக மூடினால், புதிதாக இன்னொன்று போடாதீர்கள். பழைய எண்ணையே மறுபடி திறக்கச் சொல்லிக் கேளுங்கள், அன்றைய தேதியில் எடுத்த படத்தோடு. புதிய எண் போட்டால் அவர்கள் கணக்கில் முதல் புகார் வெற்றி, இரண்டாவது புது வரவு.

சரி, எப்படி எழுதினால் வேலை நடக்கும்?

ஒரு புகாரில் ஒரு விஷயம். "விளக்கு எரியவில்லை, குப்பையும் எடுப்பதில்லை, நாய்த் தொல்லையும் தாங்கவில்லை" என்று சேர்த்து எழுதினால் மூன்று துறையும் மற்ற இரண்டையும் காட்டிக் கை கழுவிவிடும். கம்பத்தின் எண், சாக்கடை மூடியின் எண், பேருந்து நிறுத்தத்தின் பெயர் போன்று அலுவலகத்தின் ஆவணத்தில் ஏற்கெனவே இருக்கும் அடையாளத்தைக் கொடுங்கள். இரண்டு படம் போதும்: பழுது தெரிகிற மாதிரி கிட்டத்தில் ஒன்று, இடம் தெரிகிற மாதிரி தள்ளி நின்று ஒன்று. கோபத்தைக் கடைசி வரிக்கு ஒத்திவையுங்கள். அங்கே போனதும் பாதி நேரம் அது தேவைப்படாது.

செயலி வழியாக வரும் தகவல் ஊர் முழுவதையும் காட்டுமா?

காட்டாது. பாஸ்டன் நகரம் ஸ்ட்ரீட் பம்ப் என்ற செயலியை வெளியிட்டது. கைபேசியைக் காரில் வைத்தால் போதும், வண்டி குலுங்கும் இடத்தைத் தானாகப் பதிவு செய்யும். யாரும் எதையும் தட்டத் தேவையில்லை, சார்பே இருக்காது என்று தோன்றும். ஆனால் அன்று ஸ்மார்ட்போனும் காரும் அதிகம் இருந்தது வசதியான பகுதிகளில். அங்கேதான் நிறையப் பள்ளங்கள் "இருப்பதாக" வரைபடம் சொல்லும் ஆபத்து இருந்தது. நகர நிர்வாகத்தினர் இதை உணர்ந்து, ஊர் முழுக்கச் சுற்றும் அரசு ஊழியர்களின் வண்டிகளில் முதலில் பொருத்தினார்கள்.

புகார் வராத பகுதி குறையில்லாத பகுதி என்று எந்த அதிகாரி சொன்னாலும் நம்பாதீர்கள். அங்கே இருப்பவர்கள் பலமுறை சொல்லி அலுத்துப் போனவர்களாகவும் இருக்கலாம்.

அவசர எண்ணை அழைத்தால் நான் இருக்கும் இடம் அவர்களுக்குத் தானாகத் தெரியுமா?

சில நாடுகளில் தெரியும், சில இடங்களில் தோராயமாகத்தான். தரைவழித் தொலைபேசிக் காலத்தில் எண்ணோடு முகவரியும் ஒட்டியிருந்தது. கைபேசி வந்ததும் அது போயிற்று. கோபுரத்தை வைத்துக் கணித்தால் பிழை கிலோமீட்டர் கணக்கில் போகலாம். ஏஎம்எல் என்ற ஏற்பாடு இருக்கும் இடங்களில், அவசர எண்ணை அழைத்த உடனே கைபேசி தன் இருப்பிடத்தைக் கணித்துக் கட்டுப்பாட்டு அறைக்குத் தானே அனுப்பிவிடும். பிரிட்டனில் 2014-இல் தொடங்கியது, பிறகு ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும் ஐபோன்களிலும் வந்தது.

இருந்தாலும் அழைத்தவுடன் முதல் வாக்கியமாக இடத்தைச் சொல்லுங்கள். என்ன நடந்தது என்பதைவிட எங்கே என்பது முக்கியம். இணைப்பு அறுந்தாலும் வண்டி கிளம்பிவிடும். மாடி எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பயிற்சி இல்லாத பொதுமக்களை உயிர்காக்கும் வேலையில் இறக்குவது ஆபத்தில்லையா?

பயிற்சி உள்ளவர்களைத்தான் இறக்குகிறார்கள். இதயம் நின்றுபோனால், நெஞ்சழுத்தம் கொடுக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு சுமார் 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. எவ்வளவு வேகமான ஆம்புலன்ஸுக்கும் சில நிமிடங்கள் ஆகும். அந்த நேரத்தில் பக்கத்துக் கட்டடத்தில் சிபிஆர் என்ற இந்த நெஞ்சழுத்த முதலுதவி தெரிந்த ஒருவர் தேநீர் குடித்துக்கொண்டிருக்கலாம்.

கலிபோர்னியாவின் சான் ரமோன் பகுதித் தீயணைப்புத் தலைவருக்கு இதுவே நடந்தது. உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சைரன் நெருங்கி வந்து பக்கத்துக் கடை வாசலில் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவருக்கு இதயம் நின்றிருந்தது, இந்தப் பக்கம் இருந்த அவருக்குத் தெரியவில்லை. அந்த உறுத்தலிலிருந்து பிறந்தது பல்ஸ்பாயின்ட் செயலி. அருகில் இருக்கும், சிபிஆர் தெரிந்து பதிவு செய்தவர்களுக்கு அது எச்சரிக்கை அனுப்பும்.

பலன் உண்டா? ஸ்டாக்ஹோமில் 500 மீட்டருக்குள் இருக்கும் தன்னார்வலர்களை அழைத்துப் பார்த்த ஆய்வு 2015-இல் வெளியானது. ஆம்புலன்ஸ் வருமுன் நெஞ்சழுத்தம் கிடைத்தவர்கள் 48 விழுக்காட்டிலிருந்து 62 ஆனார்கள். அதே ஆய்வில், 30 நாள் உயிரோடிருந்தவர்களின் எண்ணிக்கையில் உறுதியாகச் சொல்லும்படியான வேறுபாடு தெரியவில்லை. இதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. என் கருத்து, பக்கத்தில் வருபவர் ஒருவர் கூடுதலாகக் கிடைப்பதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

பேரிடரில் வாட்ஸாப் குழுக்களே போதாதா?

முதல் சில மணி நேரத்துக்குப் போதும். அதற்குப் பிறகு அதே "இரண்டு பேர் மாடியில் சிக்கியிருக்கிறார்கள்" செய்தி நாற்பது குழுக்களில் சுற்றும், அந்த இரண்டு பேர் காப்பாற்றப்பட்ட மறுநாளும். தேதி இல்லாத செய்தி மீட்புப் படகை வீணாக அலைய வைக்கும்.

2008-இல் கென்யாவில் தேர்தலுக்குப் பின் வன்முறை வெடித்தபோது, எங்கே என்ன நடக்கிறது என்பதை மக்களே அனுப்ப, வரைபடத்தில் குறிக்கும் தளம் ஒன்று சில நாட்களில் எழுந்தது. பெயர் உஷாஹிதி. சுவாஹிலி மொழியில் "சாட்சியம்" என்று பொருள். 2010 ஜனவரியில் ஹைத்தி நிலநடுக்கத்தின்போது 4636 என்ற எண்ணுக்கு மக்கள் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். செய்திகள் கிரியோல் மொழியில் வந்தன, வந்த மீட்புக் குழுக்களில் பலருக்கு அது தெரியாது. வெளிநாடுகளில் வாழ்ந்த ஹைத்தியர்கள் இரவெல்லாம் விழித்து மொழிபெயர்த்து, இடத்தைக் கண்டறிந்து கொடுத்தார்கள். தலைநகருக்கு உருப்படியான தெரு வரைபடம் இல்லாததால், மக்களே சேர்ந்து வரையும் இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து அதையும் வரைந்தார்கள். குவிந்த செய்திகளைச் சலித்து, மொழிபெயர்த்து, தேதி போட்டு வைத்த அந்தக் கைகளைத்தான் எந்தக் குழுவிலும் முதலில் தேட வேண்டும்.

எச்சரிக்கைச் செய்தி கைபேசியில் அலறுகிறதே, என் எண் அவர்களிடம் எப்படிப் போனது?

போகவில்லை. செல் பிராட்காஸ்ட் முறையில் கோபுரம் வானொலி போல ஒலிபரப்புகிறது, அந்த எல்லைக்குள் இருக்கும் கைபேசிகள் எல்லாம் பிடித்துக்கொள்கின்றன. எண்களின் பட்டியல் தேவையில்லை, அழைப்புகள் நெரிந்து கிடக்கும்போதும் வந்து சேரும்.

தவறாகவும் வரும். 2018 ஜனவரி 13 காலை ஹவாய் மக்களுக்கு "ஏவுகணை வருகிறது, இது பயிற்சி அல்ல" என்று வந்தது. உண்மையில் பயிற்சிதான். மறுப்புச் செய்தி கைபேசிகளுக்கு வர 38 நிமிடம் ஆயிற்று. தவறாக அனுப்பிவிட்டால் எப்படித் திரும்பப் பெறுவது என்று யாரும் யோசித்து வைக்கவில்லை. ஆளுநருக்கு இரண்டு நிமிடத்திலேயே உண்மை தெரிந்திருந்தது. ஆனால் தன் ட்விட்டர் கணக்குக்குள் நுழையும் விவரம் நினைவில்லாமல் தாமதமானதாக அவரே பின்னர் ஒப்புக்கொண்டார்.

குற்றவாளியைக் கண்டுபிடிக்க மக்கள் இணையத்தில் உதவலாமா?

பார்த்ததைக் கொடுங்கள், தீர்ப்பைக் கொடுக்காதீர்கள். 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு, மக்கள் எடுத்த படங்களும் காணொளிகளும் புலனாய்வுக்கு உதவின. அதே வாரத்தில் ரெடிட் தளத்தில் கூடியவர்கள் தாங்களே துப்பறிந்து, காணாமல் போயிருந்த ஒரு மாணவரைக் குற்றவாளி என்றார்கள். அவர் சம்பந்தமே இல்லாதவர், பிறகு இறந்து கிடக்கக் கண்டெடுக்கப்பட்டார். மகனைத் தேடிக்கொண்டிருந்த குடும்பத்துக்கு அந்த நாட்களில் வந்த வசவுகளை எந்த மன்னிப்பும் திரும்ப எடுத்துக்கொள்ளாது.

அக்கம்பக்கத்தார் குழுக்களிலும் இது சிறிய அளவில் தினமும் நடக்கிறது. "சந்தேகத்துக்கிடமான ஆள்" என்பார்கள். விசாரித்தால், தோல் நிறம்தான் சந்தேகம். நெக்ஸ்ட்டோர் என்ற தளம் இந்தக் குற்றச்சாட்டு வலுத்ததும் படிவத்தையே மாற்றியது. இனத்தைக் குறிப்பிட்டால் உடை, காலணி, முடி போன்ற வேறு அடையாளங்களையும் எழுத வேண்டும். அந்த ஆள் என்ன செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு பெட்டிகளை நிரப்பும் தொல்லையிலேயே பல பதிவுகள் நின்றுபோயின.

முகமறியும் கேமரா வந்தால் பாதுகாப்பு கூடும்தானே?

யாருடைய முகம் என்பதைப் பொறுத்தது. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2019-இல் நூற்றுக்கும் மேற்பட்ட முகமறியும் மென்பொருள்களைச் சோதித்தது. பலவற்றில், ஆசிய, ஆப்பிரிக்க அமெரிக்க முகங்களைத் தவறாகப் பொருத்தும் விகிதம் வெள்ளையர் முகங்களைவிட 10 முதல் 100 மடங்கு வரை இருந்தது. 2020 ஜனவரியில் டெட்ராய்ட் காவல்துறை, இப்படித் தவறாகப் பொருந்திய ஒருவரை அவர் மனைவி, மகள்கள் கண்முன்னே கைவிலங்கிட்டுக் கொண்டுபோனது. கைக்கடிகாரத் திருட்டு வழக்கு. அவருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

சான் பிரான்சிஸ்கோ நகரம் 2019-இல் தன் துறைகள் இந்தத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தத் தடை போட்டது. எனக்கு அதைவிட ஓக்லாந்தின் வழி பிடித்திருக்கிறது. அங்கே பொதுமக்களைக் கொண்ட தனியுரிமை ஆலோசனைக் குழு ஒன்று உண்டு. கண்காணிப்புக் கருவி எதையும் வாங்குமுன் எதற்கு, எவ்வளவு நாள் பதிவு இருக்கும், யார் பார்க்கலாம் என்பதை எழுத்தில் அந்தக் குழுமுன் வைக்க வேண்டும். கருவி வந்து கம்பத்தில் ஏறிய பிறகு கேட்டால் "பணம் கொடுத்தாயிற்றே" என்பார்கள்.

சட்டம் எழுதுவதில் பொதுமக்கள் கருத்து உண்மையிலேயே ஏறுகிறதா?

தைவானில் ஏறியது, ஒரு காலம். 2015-இல் உபர் வாடகைக் கார் தகராறு வந்தபோது வி-தைவான் (vTaiwan) என்ற ஏற்பாட்டில் போலிஸ் என்ற மென்பொருளைப் பயன்படுத்தினார்கள் (காவல்துறைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). நீங்கள் ஒரு கருத்தை எழுதலாம், பிறர் கருத்தை ஏற்கலாம், மறுக்கலாம். பதில் எழுத முடியாது. பதில் இல்லாததால் சண்டை இல்லை. எதிரெதிர் அணிகள் இரண்டுமே ஏற்ற கருத்துகள் மேலே வந்தன, காப்பீடு, ஓட்டுநர் உரிமம் போன்றவற்றில் விதிகள் பிறந்தன. ஆனால் முடிவை அரசு ஏற்றாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால் அதன் வேகம் பின்னர் தணிந்தது.

ஐஸ்லாந்தில் இன்னும் வலித்தது. 2011-இல் 25 பேர் கொண்ட குழு புதிய அரசியலமைப்பை எழுதியது. வரைவுகளை இணையத்தில் போட்டு மக்களின் கருத்தைக் கேட்டது. 2012 அக்டோபர் வாக்கெடுப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தார்கள். நாடாளுமன்றம் அதை நிறைவேற்றவில்லை.

கருத்துக் கேட்கும் அழைப்பு வந்தால், "கிடைத்த கருத்துகளை என்ன செய்வீர்கள், எந்தத் தேதிக்குள் பதில் சொல்வீர்கள்" என்ற வரி அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

என் விவரங்களை அரசு பார்க்கிறது. அரசு பார்ப்பதை நான் பார்க்க முடியுமா?

எஸ்டோனியாவில் முடியும். அங்கே அரசுத் தரவுத்தளங்கள் 2001 முதல் எக்ஸ்-ரோடு என்ற வலையில் இணைந்திருக்கின்றன. தன் தகவலை எந்த அலுவலகம் எப்போது எடுத்துப் பார்த்தது என்ற பதிவைக் குடிமக்கள் பார்க்கலாம். காரணமில்லாமல் எட்டிப் பார்த்தவர் விளக்கம் சொல்ல வேண்டும். ஓட்டையே இல்லாத ஊர் என்று நினைக்க வேண்டாம். 2017-இல் சுமார் 7.5 லட்சம் அடையாள அட்டைகளின் சில்லில் பாதுகாப்புக் குறை தெரியவந்தது. அதை மறைக்காமல் பகிரங்கமாக அறிவித்தார்கள். அதன் பிறகும், 2023 நாடாளுமன்றத் தேர்தலில் பாதிக்கும் மேற்பட்ட வாக்குகள் இணையவழியில் விழுந்தன.

என் பெயர் வெளியே தெரியாமல் புகார் கொடுக்கலாமா?

தளத்தைப் பொறுத்தது. பெயர் கேட்காவிட்டாலும் படத்துக்குள் எடுத்த இடமும் நேரமும் ஒளிந்திருக்கும். ஆபத்தான ஆட்களைப் பற்றிய புகார் என்றால் மூலப் படத்தை அனுப்பாமல் அதைத் திரைப்பிடிப்பு எடுத்து அனுப்புங்கள். உங்கள் ஜன்னலிலிருந்து மட்டுமே தெரியும் கோணத்தில் எடுக்காதீர்கள்.

எங்கள் குழுவும் இப்படி ஒன்று தொடங்க விரும்புகிறது. எந்தச் செயலி நல்லது?

ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட், உஷாஹிதி, போலிஸ், மாட்ரிட் நகரம் 2015-இல் தன் பங்கேற்புத் தளத்துக்கு உருவாக்கிய கான்சுல் எல்லாமே திறந்த மூல மென்பொருள்கள். விலை இல்லை, மொழியை மாற்றிக்கொள்ளலாம். தேர்ந்தெடுக்க ஒரு மாலை போதும்.

அதற்கு முன்னால் அலுவலகத்துக்குப் போய், காலையில் புகார்ப் பட்டியலைத் திறக்கும் ஆள் யார் என்று கேளுங்கள். அவர் மேசைக்கு எதிரே கொஞ்ச நேரம் உட்காருங்கள். அவரிடம் எத்தனை பட்டியல்கள் ஏற்கெனவே இருக்கின்றன, எதை அவர் முதலில் திறக்கிறார், விடுப்பில் போனால் யார் பார்க்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால் செயலியை இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போடலாம்.